முகமூடியும் முகமும்: இனங்காணலும் திரட்டலும் பற்றிய ஓர் ஆய்வு

உலக நாடுகளின் மரபுவழி முகமூடிகளை எடுத்துரைக்கும் நூல்களிலும் காட்சியகப் பட்டியல்களிலும் சில பெயர்கள் தவறாது இடம்பெறுகின்றன. சப்பானியரின் நோ நாடகம், கொரியரின் ஹாஹோ ஊர் ஆட்டம், இலங்கைத் தென்கரையின் அம்பலாங்கொடை, வங்கத்தின் புருலியா, அசாமின் மாசூலி ஆகியன அவற்றுள் சில. தமிழகத்திற்கு வரும்போது அந்நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியோடு அமைந்துவிடுகின்றன. 'தமிழர் கூத்தில் முகமெழுதும் மரபே உண்டு. முகமூடி மரபு இல்லை' என்பதே அவ்வரியின் சாரம். நம்மவருள் ஒருசாராரும் இதனை ஆராயாது ஏற்றுக்கொண்டனர். இக்கூற்று பொருந்துமா என ஆராய்தலும், பொருந்தாதெனின் முகமூடிகளை இனங்காண்போரும் திரட்டுவோரும் கொள்ளத்தக்க நெறி யாதெனக் கூறுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வாய்விற்குச் சென்னையின் மேற்குப் புறநகராகிய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த பகுதியையும் யாம் களமாகக் கொண்டோம். தொன்மை தேடுவோர் தஞ்சைக்கும் மதுரைக்கும் செல்வர். தொழிற்பேட்டைக்கு வருவார் அரியர். ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த இந்நிலம் 1960களின் பின் ஆலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய நகராயிற்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. இத்துணை மாறுதல் உற்ற நிலத்திலும் ஒரு மரபு வழங்குமாயின், அதனை 'இல்லை' என்று கூறுதல் எவ்வாற்றானும் இயலாது. ஆதலின் இக்களம் எம் வினாவிற்கு ஏற்ற உரைகல் என்க.

1. சொல்லாராய்ச்சி

முதற்கண் 'முகமூடி' என்னும் சொல்லை நோக்குவோம். முகத்தை மூடுவது முகமூடி. மூடுதல் என்பது மறைத்தல். பேச்சுவழக்கில் இச்சொல் 'முகமூடித் திருடர்' என்னும் தொடரில்தான் இயல்பாக வழங்குகின்றது. ஆள் இன்னார் எனத் தெரியாவாறு மறைத்துக்கொள்வது என்பதே இதன் உயிர்ப்பொருள். ஆங்கிலத்து 'மாஸ்க்' என்னும் சொல்லுக்கு ஈடாக இதனை ஆட்சிப்படுத்தியோர், மறைத்தல் என்னும் அப்பொருளையும் உடன் ஏற்றிவிட்டனர். அதன் பயனாக, எங்கெங்கு முகம் மறைக்கப்படுகின்றதோ அங்கங்கே அம்மரபு உண்டென்றும், மறைக்கப்படாதவிடத்து இல்லையென்றும் முடிவு செய்யலாயினர்.

'முகக்கவசம்' என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. திருமேனியின் முகத்தின்மேல் வெள்ளியாலும் பொன்னாலும் செய்து சாத்தப்படுவதைக் கவசம் என்பது கோயில் வழக்கு. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, மூக்கையும் வாயையும் காக்கும் துணிக்கும் இச்சொல்லே நாடெங்கும் வழங்கலாயிற்று. இன்று ஓர் இளைஞரிடம் முகக்கவசம் எனின், அவர் மனத்தில் முதலில் தோன்றுவது மருத்துவமனையே அன்றிக் கருவறை அன்று. ஆதலின் இச்சொல்லையும் யாம் பொதுப்பெயராகக் கொள்ளத் துணிந்திலோம்.

மக்கள் தம் வாயால் வழங்கும் பெயர் யாது? வரலட்சுமி நோன்பிற்குக் கலசத்தில் பொருத்தும் வெள்ளி உருவை வாங்கக் கடைக்குச் செல்லும் பெண்டிர், 'அம்மன் முகம்' என்றே கேட்கின்றனர். அம்மன் விழாக்களில் எடுத்துவரப்பெறும் தலையுருவைச் 'சிரசு' என்கின்றனர். கூத்தர், 'முகம் எழுதுதல்' என்றும் 'வேடம் கட்டுதல்' என்றும் கூறுகின்றனர். எழும் கட்டடத்தின்மேல் தொங்குவதைக் 'கண்திருஷ்டிப் பொம்மை' என்கின்றனர். இவற்றுள் மூடுதற்பொருள் தரும் சொல் ஒன்றேனும் இல்லை. இவற்றுள் வாழும் அடிச்சொல் 'முகம்' என்பதே. நோ நாடகத்தாரும் தம் முகமூடியை 'ஒமொத்தே' என்பர். அச்சொல்லுக்கும் முகம் என்பதே பொருள். அம்முகத்தை அணியுமுன் நடிகர் அதனைக் கையிலேந்தி வணங்குவதும் அவர்தம் மரபு. மறைத்தற்குரிய கருவி ஒன்றை எவரும் வணங்கார். அணிவோர் ஒருவாறும் காண்போர் பிறிதொருவாறும் பெயரிட்டுள்ளனர் என்பதற்கு இஃது ஏற்ற சான்றாம்.

2. மூவகை முகம்

இனி, எம் களத்தில் வழங்கும் முகங்களை அவற்றோடு இயையும் வினைச்சொற்களால் வகுத்துக் காண்போம். மரம், மண், காகிதம், உலோகம் எனப் பொருள்வழி வகுத்தலே பட்டியல்களின் பழக்கம். யாம் வினைவழி வகுத்தற்குக் காரணம் பின்னர்ப் புலனாகும்.

முதலாவது ஆடுமுகம். வடதமிழகத்துத் தெருக்கூத்தில், அரிதாரம் முதலிய வண்ணங்களால் முகம் எழுதப்படுகின்றது. முடியும் தோளணியும் மார்பணியும் எடைகுறைந்த மரத்தாற் செதுக்கி, வண்ணமும் கண்ணாடித் துண்டும் பதித்து அணியப்பெறுகின்றன. இக்கட்டைகளாலேயே அக்கூத்து 'கட்டைக்கூத்து' எனவும் பெயர் பெற்றது. மயானக்கொள்ளை விழாவின்போது, மாசித் திங்களில் மகாசிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையில், அங்காளம்மன் அடியார் காளி முதலிய வேடம் புனைந்து சுடுகாடு நோக்கிச் செல்லும் வழக்கம் இப்புறநகரிலும் உண்டு. எழுதிய முகமாயினும் செதுக்கிய முகமாயினும் செயல் ஒன்றே: மாந்தன் தன் முகத்தை விடுத்துப் பிறிதொரு முகத்தால் உலாவுகின்றான். ஒடிசாவின் மயூர்பஞ்சுச் சௌ ஆட்டத்தில் முகமூடி இல்லை. செரைகேலாவிலும் புருலியாவிலும் உண்டு. ஆயினும் மூன்றும் ஒரே மரபின் கிளைகள் எனக் கொண்டு, 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் ஒருங்கே ஏற்பளித்தது. அவ்வாறாகவும், எழுதிய முகத்தைக் காரணங்காட்டித் தமிழகத்தை மட்டும் முகமூடி உலகினின்று விலக்குதல் முறையாகாது.

இரண்டாவது சாத்துமுகம். இதனை அணிவது மாந்தன் அன்று, தெய்வம். திருவேற்காட்டுக் கருமாரியம்மன், பெரியபாளையத்துப் பவானியம்மன் ஆகியோரின் கோயில்கள் இப்பகுதி மக்களின் வழிபாட்டில் தலையாயன. பெரியபாளையத்தில் அன்னையின் திருவுருவம் மார்பளவில் விளங்குகின்றது. முழுமேனியினும் முகத்திற்கும் தலைக்கும் ஏற்றந்தரும் இவ்வழிபாட்டு முறை வடதமிழகத்தில் பரந்துபட்டது. குடியாத்தத்துக் கெங்கையம்மன் விழாவில், வைகாசி முதல்நாள் சிரசு தனியே ஊர்வலமாக வந்து உடலோடு பொருத்தப்படுகின்றது. இங்கே 'கட்டினர்', 'மாட்டினர்' என்று எவரும் கூறார். 'சாத்தினர்' என்றே கூறுவர். கல்லின்மேல் முகம் சாத்தியவுடன் தெய்வத்தின் பார்வை அடியார்க்குப் புலனாகின்றது. இம்முகம் மறைப்பதற்கு நேர்மாறாகக் காட்டுவது என்பது உய்த்துணரத்தக்கது.

மூன்றாவது காப்புமுகம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் புதிய வீடு எழும் தெருக்களில் நடப்போர் இதனைக் காணாது செல்லல் அரிது. செங்கற்சுவர் எழுந்தவுடன் சாரத்திலோ தூணிலோ ஒரு முகம் தொங்கும். பெருவிழி, முறுக்கிய மீசை, வெளித்தள்ளிய நா, கோரைப்பல் ஆகியன அதன் உறுப்புகள். சிலர் பூசணிக்காயின்மேல் அம்முகத்தை எழுதித் தொங்கவிடுவர். சிலர் வைக்கோலடைத்த உடலையும் சேர்ப்பர். இன்று நெகிழித்தாளில் அச்சிட்ட முகங்களும் கடைகளிற் கிடைக்கின்றன. இம்முகத்தின் பின்னே மாந்தனும் இல்லை, தெய்வமும் இல்லை. வீடே இதனை அணிகின்றது. விளைவயலில் நின்ற கொல்லைப்பொம்மைக்கும் இதற்கும் உருவிலும் பயனிலும் ஒற்றுமை மிகுதி. ஏரிநீர் பாய்ந்த வயல் மனைகளாகப் பிரிந்தபோது, பயிரைக் காத்த முகம் அப்பயிர் இருந்த இடத்தில் எழுந்த சுவரைக் காக்கலாயிற்று என யாம் கருதுகின்றோம். கோயில் மாடங்களின் மேலுள்ள கீர்த்திமுகமும் இவ்வினத்தின் கல்வடிவமாகக் கொள்ளத்தக்கது.

ஆடுமுகம், சாத்துமுகம் என்பன வினைத்தொகை. காப்புமுகம் என்பது காப்பிற்காகிய முகம் என விரியும் நான்காம் வேற்றுமைத்தொகை. இம்மூன்றையும் அடக்கும் பொதுப்பெயராக 'முகம்' என்பதையே கொள்ளலாம். 'முகமூடி' என்பது ஆடுமுகத்தின் ஒரு கூறாக, முகத்தை முற்ற மறைப்பதற்கு மட்டும் உரிய சிறப்புப்பெயராக நிற்பதே அமையும்.

3. தோற்றத்தால் விளையும் மயக்கம்

வினையை விடுத்துத் தோற்றத்தால் இனங்காண முயல்வோர் எத்தகைய பிழைக்கு ஆளாவர் என்பதற்குக் காப்புமுகமே சான்றாம். கோரைப்பல்லையும் நாவையும் கண்டோர் இதனை 'அரக்கமுகம்' எனப் பெயரிட்டு, தீய ஆவிகளை அச்சுறுத்துதற்கு வைக்கப்பட்டது என எழுதுவர். ஆயின் கண்ணேறு என்பது ஆவி அன்று, மாந்தரின் பார்வை. புதுமனையைக் காண்போர் கண் முதலில் சுவரிற் பதியாது இம்முகத்தில் பதிதல் வேண்டும் என்பதே மக்கள் கருத்து. அச்சத்தோடு நகையும் கலந்த உருவாக இதனைச் சமைப்பதற்குக் காரணமும் இதுவே. அச்சம் மட்டும் தருவதாயின் கண் விலகும். நகையும் தருவதால் கண் நிலைக்கின்றது. மெய்ப்பாடுகளை எண்வகைப்படுத்திய தொல்காப்பியத்தைக் கற்போர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். விரட்டுவது என வகைப்படுத்தப்பட்ட ஒன்று, உண்மையில் ஈர்ப்பது. பெயரிலேயே பிழை புகுந்தபின் விளக்கத்தில் உண்மை எங்ஙனம் நிற்கும்?

இத்தகைய மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சிங்களவரின் தகஅட்ட சன்னி என்னும் சடங்கில் பதினெட்டு முகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு உரியது. நோயாளியின் முன் அந்நோயே முகமாக வந்து ஆடி நீங்குகின்றது. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துச் சுவரில் மாட்டி 'இலங்கைப் பேய்முகம்' என எழுதுவோர், எந்நோய் என்பதையும், அஃது எவர்முன் ஆடியது என்பதையும் இழந்துவிடுகின்றனர். எஞ்சுவது மரமும் வண்ணமுமே.

இனங்காணல் பொருட்செல்வத்தோடும் அறத்தோடும் பிணைந்தது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று போதும். பிரான்சு நாட்டில் முதிய இணையர் இருவர் தம் வீட்டிற் கிடந்த ஆப்பிரிக்க முகமூடி ஒன்றை 2021இல் 150 யூரோவிற்குப் பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் விற்றனர். காபோன் நாட்டுப் பாங்கு மக்களின் 'ங்கில்' குழுவினர்க்குரிய அரிய முகம் அது என இனங்காணப்பட்டபின், 2022இல் அஃது ஏலத்தில் ஏறத்தாழ 42 இலட்சம் யூரோவிற்கு விலைபோயிற்று. இணையர் வழக்குத் தொடுத்தனர்; காபோன் அரசும் தன் உரிமையை எடுத்துரைத்தது. 2023இல் நீதிமன்றம் இருவர் கோரிக்கையையும் ஏற்கவில்லை. இவ்வழக்கில் விலை பலமுறை பேசப்பட்டது. அம்முகம் அணிந்தோர் நீதி வழங்கும் பொறுப்புடையோராக மதிக்கப்பட்டனர் என்பது அரிதாகவே பேசப்பட்டது.

4. வகைப்பாட்டிற்கு ஒரு தடை

எம் வகைப்பாட்டிற்கு எழக்கூடிய தடையை யாமே ஈண்டு எழுப்பி விடை காண்போம். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் பாகவதமேளா நாடகம் நிகழ்கின்றது. அங்கே பிரகலாத சரித்திரத்தில் நரசிங்கராக வருவோர் அணியும் முகம், ஏனைய நாட்களில் வரதராசப் பெருமாள் கோயிலில் வழிபாட்டிற்குரியதாக விளங்குகின்றது. அதனை அணிவோர் நோன்பிருந்தே அணிவர். இஃது ஆடுமுகமா, சாத்துமுகமா? இரண்டனுள் ஒன்றில் அடக்க முற்படின் வகைப்பாடு சிதையும் என்பர்.

இத்தடை எம் கொள்கையை வீழ்த்தாது, திருத்தி நிறுவும். வினைவழி வகுத்தல் என்பது பொருளை வகுத்தல் அன்று. அப்பொருளின் நிகழ்ச்சியை வகுத்தல். ஒரே முகம் ஆண்டு முழுதும் வழிபடுமுகமாக இருந்து, ஓர் இரவில் ஆடுமுகம் ஆகலாம். ஒரே மாந்தன் தந்தையாகவும் மகனாகவும் நிற்றல் போல்வது இது. ஆதலின் மெலட்டூர் முகத்திற்கு ஒற்றைப் பெயர் எழுதும் பட்டியல் எதுவாயினும் ஆண்டின் ஒரு பகுதிக்கே மெய். எஞ்சிய பகுதிக்குப் பொய். பொருள்வழி வகுப்போர்க்கோ இச்சிக்கல் தோன்றுவதே இல்லை; ஏனெனின் அவர்தம் பட்டியலில் காலத்திற்கு இடமே இல்லை. தோன்றாமை அம்முறையின் வலிமை அன்று, குறையே என்க.

5. திரட்டும் நெறி

இனித் திரட்டல் பற்றிக் காண்போம். திரட்டுதலே தீது என யாம் கூறவரவில்லை. 1851இல் நிறுவப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகமும், 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவும் நாட்டார் கலைப்பொருள்கள் பலவற்றைப் பேணி வருகின்றன. திரட்டுவோர் இல்லையெனின் அழிந்தே ஒழிந்திருக்கும் பொருள்கள் பல. ஆயின் எல்லா முகத்தையும் ஒரே அளவுகோலால் திரட்டலாமா என்பதே எம் வினா.

சட்டம் தரும் அளவுகோல் அகவை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறாண்டிற்குக் குறையாதனவே பொதுவாகத் தொல்பொருள் எனப்படும். இவ்வளவுகோலால் நோக்கின் எம் களத்து முகங்களுட் பெரும்பாலான தொல்பொருள் ஆகா. காப்புமுகத்தின் வாழ்நாள் ஒரு வீடு எழும் காலமே. வெயிலும் மழையும் பட்டு அது சிதையும்; மனைபுகுவிழாவிற்குப் பின் அதனைத் தேடுவார் இலர். தொன்மை இன்மையால் காட்சியகம் அதனை ஏற்பதில்லை. ஏற்காமையால் அதன் உருமாற்றங்கள் பதிவாகாமலே மறைகின்றன. வைக்கோலும் பானையும் பூசணியும் நெகிழித்தாளாக மாறியதும், அச்சமுகத்தின் இடத்திலே 'கண்திருஷ்டி கணபதி' படம் வந்து அமர்ந்ததும் நம் கண்முன் நிகழ்ந்த வரலாறு. அஞ்சத்தக்க உருவின் வேலையை வணங்கத்தக்க உரு மேற்கொண்ட இம்மாற்றம் சமய வரலாற்றார் கருத்தூன்றத்தக்கது.

சாத்துமுகமோ இதற்கு முற்றும் மாறானது. அதனை எவரும் எறியார். அஃது ஊராரின் உடைமை, வழிபாட்டின் உறுப்பு. அழகும் தொன்மையும் உடையது என்பதாலேயே அதனை விலைக்குப் பெறக் கருதுதல், ஓர் ஊரின் தெய்வத்திடமிருந்து பார்வையைப் பறித்தலை ஒக்கும். வட அமெரிக்கப் பழங்குடியினராகிய ஹோப்பி மக்களின் வரலாறு ஈண்டு நினையத்தக்கது. அவர்தம் புனித முகங்கள் 2013இல் பாரிசு மாநகரில் ஏலத்திற்கு வந்தன. 'இவை கலைப்பொருள் அல்ல. உயிருள்ள நண்பர்' என அம்மக்கள் முறையிட்டும் ஏலம் நடந்தேறியது. அவ்வாண்டு இறுதியில் நடந்த மற்றோர் ஏலத்தில், அமெரிக்க அறக்கட்டளை ஒன்று 24 பொருள்களை வாங்கி உரியோரிடமே சேர்ப்பிக்க முன்வந்தது. வாங்குதல் என்னும் ஒரே செயல் ஒருவர் கையில் பறித்தலாகவும் மற்றொருவர் கையில் மீட்டலாகவும் அமைந்தது காண்க.

ஆதலின் யாம் கூறும் நெறி இது. காப்புமுகத்தை, வேலை முடிந்து எறியப்படும் நிலையில், வீட்டார் இசைவோடு தாராளமாகத் திரட்டுக. நெகிழித்தாள் என இகழற்க. ஆடுமுகத்தையும் கட்டைகளையும், கூத்தர் பயன்பாட்டினின்று நீக்கியபின், அவர் மனமுவந்து தருவாராயின், உரிய பொருள் கொடுத்துப் பெறுக. பயன்பாட்டிலுள்ளதை விலைகாட்டி வாங்கற்க. சாத்துமுகத்தைத் திரட்டற்க, ஊரார் இசைந்த அளவில் எழுத்தாலும் படத்தாலும் பதிவு மட்டும் செய்க, கருவறைக்கு உரியது கருவறையிலேயே இருப்பதாக.

எம்முகத்தைப் பதிவு செய்யினும் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுதல் இன்றியமையாதது. இதனைச் செய்தவர் யார்? இதனை அணிவது மாந்தனா, தெய்வமா, மனையா? அணிதலைக் குறிக்க அவ்வூரார் வழங்கும் வினைச்சொல் யாது? எக்காலத்தில், எத்துணைப் பொழுது அணியப்படுகின்றது? பயன் முடிந்தபின் இதற்கு நேர்வது யாது? பொருள், நீளம், அகலம், வண்ணம் ஆகியன இவற்றின் பின்னரே எழுதத்தக்கன. மூன்றாவது வினா மொழிப்புலத்தார்க்கே சிறப்பாக உரியது. மாந்தவியலார் அளவெடுப்பர், ஓவியர் வரைவர், 'கட்டினர்' என்பதற்கும் 'சாத்தினர்' என்பதற்கும் உள்ள வேற்றுமையைச் செவியேற்று எழுத வல்லார் தமிழ் கற்றாரே. முகமூடி ஆராய்ச்சி தமிழ்த்துறைக்குப் புறம்பானது என்பாரும் உளர். அவர்க்கு இதுவே எம் விடை.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தமிழர்க்கு முகமூடி மரபு இல்லை என்னும் கூற்று, மூடுதல் என்னும் ஒரு சொற்பொருளின்மேல் எழுந்த மயக்கம் என்பது பெறப்படும். மறைக்கும் முகம் நம்மிடையே குறைவு. ஆடும் முகமும், பார்வை தரும் முகமும், பார்வை ஏற்கும் முகமும் நம் தெருக்களிலேயே வழங்குகின்றன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்லும் மாணவர், தொலைநாட்டு முகங்களின் படங்களை நூலகத்தில் தேடுமுன், சாலையோரத்துச் சாரத்தில் தம்மை நோக்கித் தொங்கும் முகத்தை ஒருகால் நின்று நோக்குவாராக. வீடு முடிந்தால் அது போய்விடும். அதனைத் தொங்கவிட்ட கொத்தனாரிடம் பெயரும் காரணமும் கேட்டெழுத, அவ்வீடு முடியும் வரையிலேயே காலம் உண்டு.